கேபிளைச் செருகினால் மட்டும் போதுமா?
கேரவன் பேட்டரி வெளி மின்சாரத்தால் நிறையும் விதம்

திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் மட்டுமே நாம் கண்டுவந்த கேரவன், இப்போது குடும்பச் சுற்றுலாவுக்குரிய ஊர்தியாகவும் மாறி வருகிறது. கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. மகாராட்டிரமும் அவ்வாண்டிலேயே தனக்கென ஒரு கொள்கையை வகுத்தது. உறங்குவதற்கும் சமைப்பதற்கும் இடம் கொண்ட ஊர்தியைச் சொந்தமாக அமைத்துக்கொண்டு, ஓய்வுக்காலத்தில் நாடு சுற்றக் கிளம்புவோரும் உள்ளனர். இவ்வூர்திகளின் உட்புற வாழ்க்கை முழுவதும் ஒரு பேட்டரியை நம்பியிருக்கிறது. அந்தப் பேட்டரியை நிரப்பும் எளிய வழி, இரவு தங்குமிடத்தில் ஊர்தியை வெளி மின்சாரத்துடன் இணைப்பதாகும். எளியது என்று கருதப்படும் இவ்வழியில் நிகழும் பிழைகளே பேட்டரியின் ஆயுளைக் குறைக்கின்றன. சில வேளைகளில் உயிருக்கும் ஊறு விளைவிக்கின்றன. ஆகவே, இதன் அடிப்படைகளைப் படிப்படியாக அறிந்துகொள்வோம்.

ஓர் இரவும் ஒரு கேள்வியும்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோடை விடுமுறையில் நாசிக்கிலிருந்து தம் கேரவனில் புறப்பட்ட கணவனும் மனைவியும் இரு பிள்ளைகளும், இரண்டாம் நாள் மாலை ஏழு மணிக்குக் கோலாப்பூரில் ஒரு விருந்தினர் விடுதியின் முற்றத்தில் ஊர்தியை நிறுத்துகின்றனர். உட்புறப் பேட்டரியின் கொள்ளளவு 200 ஆம்பியர்-மணி. அதில் அப்போது எஞ்சியிருப்பது 80 ஆம்பியர்-மணி மட்டுமே. விடுதி உரிமையாளரின் இசைவுடன் ஊர்தியின் கேபிளைச் சுவரிலுள்ள சாக்கெட்டில் செருகுகின்றனர். சார்ஜரின் விளக்கு ஒளிர்கிறது. குளிர்பெட்டி ஓடுகிறது, இரு மின்விசிறிகளும் சுழல்கின்றன. அனைவரும் நிம்மதியாக உறங்குகின்றனர்.

காலை ஆறு மணிக்குக் கேபிளைக் கழற்றிக்கொண்டு கொங்கணக் கடற்கரைக்குச் செல்கின்றனர். அன்றிரவு தங்கிய தென்னந்தோப்பில் மின்வசதி இல்லை. "நேற்று இரவு முழுவதும் சார்ஜ் ஏறியதே, கவலை இல்லை" என்று தந்தை சொல்கிறார். ஆனால், விடிவதற்கு முன்பே மின்விசிறிகள் நின்றுவிடுகின்றன. குளிர்பெட்டியில் வைத்த பால் கெட்டுப்போகிறது. புழுக்கத்தில் பிள்ளைகள் விழித்துக்கொள்கின்றனர்.

பதினொரு மணி நேரம் மின்சாரத்துடன் இணைந்திருந்த பேட்டரி ஏன் ஓரிரவுகூடத் தாங்கவில்லை? பேட்டரி பழுதானது என்று முடிவுகட்டிப் புதியதை வாங்கிவிடுவோர் பலர். ஆனால், இங்குப் பேட்டரியில் குறை ஏதுமில்லை. குறை எங்கே என்பதை இக்கட்டுரையின் முடிவுக்குள் நாமே கணக்கிட்டுக் கண்டுகொள்ளலாம்.

சுவரிலிருந்து வருவது ஒன்று. பேட்டரி ஏற்பது வேறொன்று

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடைய மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும். கேரவனின் பேட்டரியோ 12 வோல்ட் அளவிலான நேர்த்திசை மின்சாரத்தைத் தருவதும் ஏற்பதுமாகும். இவ்விரண்டையும் நேராக இணைக்க இயலாது. இடையே நின்று அழுத்தத்தைக் குறைத்து, திசையை ஒருமுகப்படுத்தி, பேட்டரிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் அளித்துவரும் கருவியே சார்ஜர்.

கேபிளைச் செருகியவுடன் ஊர்திக்குள் நுழையும் மின்சாரம் முதலில் கசிவுக் காப்பையும் எம்.சி.பி.யையும் கடக்கிறது. பின்னர் அது இரு கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை, ஊர்திக்குள் உள்ள 230 வோல்ட் சாக்கெட்டுகளுக்குச் செல்கிறது. கெட்டிலும் மிக்சியும் அங்கே இயங்கும். மற்றொரு கிளை சார்ஜருக்குச் செல்கிறது. கெட்டிலில் வெந்நீர் கொதிக்கிறது என்பதால் பேட்டரியும் நிறைகிறது என்று பொருளில்லை. முதற்கிளை உயிருடன் இருக்கும்போதே இரண்டாம் கிளையின் எம்.சி.பி. அணைந்திருக்கலாம், சார்ஜரின் ஃபியூஸ் உருகியிருக்கலாம். ஆகவே, இப்பாடத்தின் முதல் விதி இது: பேட்டரியை நிரப்புவது சாக்கெட் அன்று, சார்ஜரே.

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்போருக்கு இது புதிதன்று. மின்தடையின்போது பேட்டரியிலிருந்து 230 வோல்ட் தருவதும், மின்சாரம் வந்ததும் அப்பேட்டரியை நிரப்புவதும் ஒரே பெட்டிதான். சில கேரவன்களிலும் இத்தகைய இரட்டைக் கருவி இருக்கும். வேறு சிலவற்றில் இன்வெர்ட்டர் தனியாகவும் சார்ஜர் தனியாகவும் இருக்கும். தனித்தனியாக இருப்பின், இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்திலேயே சார்ஜர் இயங்கும்படி இணைப்பு அமைந்துவிடக் கூடாது. அவ்வாறு அமைந்தால் பேட்டரி தன்னிலிருந்தே எடுத்துத் தனக்கே இட்டுக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிச் சில மணி நேரத்தில் பேட்டரி வறண்டுவிடும்.

இரண்டு பேட்டரிகள், இரண்டு கணக்குகள்

கேரவனில் பெரும்பாலும் இருவகைப் பேட்டரிகள் இருக்கும். ஒன்று, எஞ்சினைக் கிளப்புவதற்கு உரியது. ஓரிரு நொடிகளுக்கு மிகப் பெரிய மின்னோட்டத்தைத் தருவதற்காக அது அமைக்கப்பட்டது. மற்றொன்று, உட்புற வாழ்க்கைக்கு உரியது. பல மணி நேரம் சிறிது சிறிதாகக் கொடுத்து, மீண்டும் நிறைந்து, மீண்டும் கொடுக்க வல்லது. சேமிப்புக் கணக்கையும் நடப்புக் கணக்கையும் நாம் தனித்தனியே வைத்திருப்பதைப் போல, இவ்விரண்டும் பிரித்தே வைக்கப்படுகின்றன. இரவெல்லாம் விசிறி சுழன்றாலும் காலையில் எஞ்சின் கிளம்ப வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

வெளி மின்சாரத்தில் இணைத்தால் இரண்டும் நிறையும் என்று பலர் எண்ணுகின்றனர். பல ஊர்திகளில் சார்ஜர் உட்புறப் பேட்டரியுடன் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் பேட்டரியும் நிறைய வேண்டுமெனில், சார்ஜருக்கு இரண்டாவது வெளியீடு இருக்க வேண்டும். அல்லது இரு பேட்டரிகளையும் இணைக்கும் இருவழி ரிலே இருக்க வேண்டும். இந்த ரிலே ஏதேனும் ஒரு பக்கத்தில் அழுத்தம் ஏறத்தாழ 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் இரண்டையும் இணைக்கும். அழுத்தம் தாழ்ந்ததும் பிரித்துவிடும். உங்கள் ஊர்தியில் எந்த ஏற்பாடு உள்ளது என்பதை வடிவமைத்தவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் வெளி மின்சாரத்தில் இணைத்தே நிறுத்தியிருந்தும் ஒரு நாள் எஞ்சின் கிளம்பாமற் போவதற்கு, இந்த வேறுபாட்டை அறியாமையே காரணமாகும்.

நிறையும் பேட்டரியின் மூன்று நிலைகள்

ஈய-அமில வகைப் பேட்டரியை நல்ல சார்ஜர் மூன்று நிலைகளில் நிரப்புகிறது.

முதல் நிலையில் சார்ஜர் தன் முழு ஆற்றலையும் காட்டும். அது 30 ஆம்பியர் சார்ஜராயின் 30 ஆம்பியரும் பாயும். பேட்டரியின் அழுத்தம் மெல்ல உயர்ந்து ஏறத்தாழ 14.4 வோல்ட்டை எட்டும். இந்நிலையின் முடிவில் பேட்டரி ஏறக்குறைய 80 விழுக்காடு நிறைந்திருக்கும்.

இரண்டாம் நிலையில் அழுத்தம் 14.4 வோல்ட்டிலேயே நிறுத்தி வைக்கப்படும். ஆனால், பேட்டரி ஏற்கும் மின்னோட்டம் படிப்படியாகக் குறையும். வாய் குறுகிய குடத்தை நிரப்புகையில் கடைசிச் சில ஆழாக்குகளை மெதுவாக ஊற்றுவதைப் போன்றது இது. எஞ்சிய 20 விழுக்காட்டுக்கு முதல் 80 விழுக்காட்டை விடவும் மிகுந்த நேரம் ஆகலாம். பெரிய சார்ஜர் வாங்கினாலும் இந்நேரம் அவ்வளவாகக் குறையாது; ஏனெனில், இங்குத் தடையாக இருப்பது சார்ஜர் அன்று, பேட்டரியின் வேதியியலே.

மூன்றாம் நிலையில் அழுத்தம் 13.5 முதல் 13.8 வோல்ட் வரையிலான அளவுக்குத் தாழ்த்தப்படும். நிறைந்த பேட்டரி தானாக இழக்கும் சிறு அளவை ஈடுசெய்து அதனை நிறைவிலேயே காப்பது இந்நிலை. இத்தகைய சார்ஜராயின் பல நாட்கள் இணைத்தே வைக்கலாம். இந்நிலை இல்லாத பழைய வகைச் சார்ஜர்கள் உயர்ந்த அழுத்தத்தையே தொடர்ந்து அளித்துப் பேட்டரியின் நீரை ஆவியாக்கிவிடும். அத்தகையவற்றை நாட்கணக்கில் இணைத்து வைப்பது பேட்டரியைக் காய்ச்சுவதற்கு ஒப்பாகும்.

கோலாப்பூர்க் கணக்கு

இனி அக்குடும்பத்தின் கேள்விக்கு வருவோம். முதலில் அவர்கள் ஊர்தியில் 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒன்றே இருந்தது. அதற்குரிய 10 ஆம்பியர் சார்ஜரும் இருந்தது. பயணத்துக்கு முன் மேலும் ஒரு பேட்டரியைச் சேர்த்து 200 ஆம்பியர்-மணி ஆக்கினர். சார்ஜரை மாற்றவில்லை. ஓடும்போது எஞ்சினிலிருந்து உட்புறப் பேட்டரிக்கு மின்னேற்றும் இணைப்பும் அவ்வூர்தியில் இல்லை.

அவர்களது இரவுச் செலவைப் பார்ப்போம். குளிர்பெட்டி சராசரியாக 2 ஆம்பியர், இரு மின்விசிறிகள் 2 ஆம்பியர், விளக்கும் கைப்பேசி மின்னேற்றமும் 1 ஆம்பியர்; ஆக 5 ஆம்பியர். கேபிள் செருகியிருக்கும்போதும் 12 வோல்ட்டில் இயங்கும் இக்கருவிகள் சார்ஜர் தரும் மின்சாரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே, சார்ஜர் தரும் 10 ஆம்பியரில் 5 செலவுக்குப் போக, பேட்டரிக்குள் செல்வது 5 மட்டுமே. பதினொரு மணி நேரத்துக்கு அது 55 ஆம்பியர்-மணி. ஈய-அமிலப் பேட்டரியில் இட்டது முழுவதும் சேமிப்பாகாது. ஏறத்தாழ 15 விழுக்காடு வெப்பமாகவும் வேதிமாற்ற இழப்பாகவும் போய்விடும். எனவே சேர்ந்தது ஏறத்தாழ 47. முன்பிருந்த 80 உடன் கூட்டினால் 127.

மறுநாள் காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை பதின்மூன்று மணி நேரம் குளிர்பெட்டி மட்டும் ஓடியது. அதற்கு 26 ஆம்பியர்-மணி செலவு. எஞ்சியது 101. அதாவது, இரவு தொடங்குகையிலேயே பேட்டரி பாதியளவுக்கு வந்துவிட்டது. அதன்பின் மணிக்கு 5 ஆம்பியர் வீதம் எடுத்தால், விடியற்காலை ஐந்து மணிக்கு எஞ்சுவது 51; அதாவது நான்கில் ஒரு பங்கு. அந்நேரத்தில் அழுத்தம் மிகத் தாழ்ந்து, பேட்டரியைக் காக்கும் தானியங்கித் துண்டிப்பான் தன் கடமையைச் செய்துவிட்டது.

அதே ஊர்தியில் 30 ஆம்பியர் சார்ஜர் இருந்திருப்பின்? செலவு போக 25 ஆம்பியர் பேட்டரிக்குச் செல்லும். 80-இலிருந்து 160 வரை, அதாவது 80 விழுக்காடு நிறைவு வரை, இழப்பையும் சேர்த்து நான்கு மணி நேரத்துக்குள் எட்டிவிடும். இரவு பதினொரு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை எஞ்சிய பகுதி மெல்ல நிறையும். கேபிளைக் கழற்றும்போது பேட்டரி ஏறத்தாழ முழுமை பெற்றிருக்கும். அடுத்த பகலுக்கும் இரவுக்கும் உரிய 81 ஆம்பியர்-மணியைச் செலவிட்ட பின்னும் பாதிக்கு மேல் எஞ்சும்.

ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் பயன்படுத்துவது அதன் ஆயுளை நீட்டிக்கும் என்பதால், இந்த 'பாதி' என்னும் எல்லை முக்கியமானது. குறைந்தபட்ச இருப்பைக் காப்பதன் அருமையை வங்கி வாடிக்கையாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கு எல்லை மீறுவோர் செலுத்தும் அபராதம், பேட்டரியின் விலையே.

இதிலிருந்து இரண்டாம் விதி பிறக்கிறது: பேட்டரியைப் பெருக்கினால் சார்ஜரையும் பெருக்க வேண்டும். ஈய-அமில வகைகளுக்குக் கொள்ளளவில் 10 முதல் 20 விழுக்காடு வரையிலான ஆம்பியர் பொதுவாகப் பொருந்தும். 200 ஆம்பியர்-மணிக்கு 20 முதல் 40 ஆம்பியர் என்று கொள்ளலாம். அந்தந்தப் பேட்டரிக்கு உரிய உச்ச அளவைத் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்வது அவசியம்.

எந்தச் சாக்கெட் போதும்?

30 ஆம்பியர் சார்ஜர் என்றதும், வீட்டுச் சாக்கெட் தாங்குமா என்ற ஐயம் எழலாம். ஆம்பியர் என்பது அழுத்தத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியது. 30 ஆம்பியரை 14.4 வோல்ட்டால் பெருக்கினால் 432 வாட். சார்ஜரின் திறன் 85 விழுக்காடு என்று கொண்டால், சுவரிலிருந்து அது எடுப்பது ஏறத்தாழ 510 வாட். இதனை 230 வோல்ட்டால் வகுத்தால் 2.2 ஆம்பியர் மட்டுமே. சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் இதற்குப் போதுமானது.

சிக்கல் சார்ஜரால் வருவதன்று. அதனுடன் சேர்பவற்றால் வருவது. 1,500 வாட் கெட்டிலை அதே நேரத்தில் இயக்கினால் மொத்தம் 2,000 வாட்டைத் தாண்டும். மின்னோட்டம் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். இதற்கு 'பவர் பிளக்' என்று நாம் வழங்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டே தேவை. சிறிய சாக்கெட்டில் மாற்றி இணைப்பான் போட்டுப் பெரிய பிளக்கைச் செருகுவது, சுவருக்குள் இருக்கும் மெல்லிய ஒயரைச் சூடேற்றும் செயலாகும்.

ஊரக வழங்கலில் அழுத்தம் 180 வோல்ட் வரை தாழ்வதும் உண்டு. மின்மாற்றியைக் கொண்ட பழைய வகைச் சார்ஜர் அப்போது சோர்ந்துவிடும். விளக்கு எரிந்தாலும் மின்னோட்டம் குறைவாகவே பாயும். இக்காலத்து மின்னணுச் சார்ஜர்களில் பல, விரிந்த அழுத்த எல்லைக்குள் முழுத் திறனுடன் இயங்கவல்லவை. சார்ஜர் வாங்கும்போது அதன் உள்ளீட்டு அழுத்த எல்லையைப் படித்துப் பாருங்கள்.

மின்கட்டணத்தைப் பொறுத்தவரை, கோலாப்பூரில் பேட்டரியை முழுமையாக நிரப்பி இரவுச் செலவையும் ஈடுகட்ட மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். விடுதி உரிமையாளருக்கு இதற்குரிய தொகையை மனமுவந்து அளிப்பது பண்பாகும். ஒரு பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது.

பேட்டரியின் வகையும் வானிலையும்

சார்ஜரில் பேட்டரியின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானோ அமைப்போ இருக்கும். நீர் ஊற்றும் டியூபுலர் வகை, மூடிய ஏ.ஜி.எம். வகை, ஜெல் வகை, லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய அழுத்தம் வேறு. ஜெல் வகை சற்றுத் தாழ்ந்த அழுத்தத்தையே விரும்பும். லித்தியம் வகை ஏறத்தாழ 14.2 முதல் 14.6 வோல்ட் வரை ஏற்று, இறுதி வரை விரைவாக நிறையும். அதன் இழப்பும் மிகக் குறைவு. புதிய லித்தியம் பேட்டரியைப் பொருத்திவிட்டுச் சார்ஜரைப் பழைய அமைப்பிலேயே விட்டுவிடுவது பரவலான தவறு.

வெப்பமும் கணக்கில் சேரும். ஈய-அமிலப் பேட்டரிக்குச் சொல்லப்படும் அழுத்தங்கள் 25 பாகை செல்சியசை அடிப்படையாகக் கொண்டவை. வெப்பம் ஒவ்வொரு பாகை உயரும்போதும் 12 வோல்ட் பேட்டரிக்கு 0.02 முதல் 0.03 வோல்ட் வரை குறைத்து அளிக்க வேண்டும். ராஜஸ்தானத்துக் கோடையில் பேட்டரிப் பெட்டியின் வெப்பம் 40 பாகையாயின், 14.4 என்பது ஏறத்தாழ 14.1 ஆக வேண்டும். பேட்டரி மீது ஒட்டப்படும் சிறு வெப்ப உணரி இருந்தால் சார்ஜர் இதனைத் தானே செய்துகொள்ளும்.

லடாக்கிலும் ஸ்பிதியிலும் நிலைமை நேர்மாறு. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் அதன் உட்புறம் நிலையான சேதமடையும். அதனைத் தடுக்கும் காப்பு மின்சுற்று உள்ள பேட்டரி, குளிர்ந்த இரவில் கேபிள் செருகியிருந்தும் மின்சாரத்தை ஏற்க மறுக்கும். அது பழுதன்று, தற்காப்பு. உட்புறம் சற்று வெதுவெதுப்பானதும் மீண்டும் ஏற்கும்.

உயிர் காக்கும் ஒழுங்குகள்

12 வோல்ட் நமக்கு அதிர்ச்சி தருவதில்லை. 230 வோல்ட் உயிரையே பறிக்கும். ஊர்தியின் உடல் முழுவதும் உலோகம். நிற்பதோ ரப்பர்ச் சக்கரங்களின் மேல். கசிவு ஏற்பட்டால் மின்சாரம் மண்ணுக்குச் செல்ல வழியின்றி உலோக உடலிலேயே தங்கும். ஈரத்தரையில் நின்றவாறு கதவின் கைப்பிடியைத் தொடுபவரின் உடல் வழியாகவே அது மண்ணுக்கு இறங்கும். இதனைத் தடுப்பவை இரண்டு. ஒன்று, எர்த் இணைப்பு. ஊர்தியின் உலோக உடல், கேபிளின் மூன்றாவது கம்பி வழியாகத் தங்குமிடத்தின் எர்த்துடன் இணைந்திருக்க வேண்டும். மற்றொன்று, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி. இது ஊர்திக்குள்ளேயே இருக்க வேண்டும். தங்குமிடத்தில் இருக்கும் என்று நம்பியிருத்தல் ஆகாது. அதன் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு முறை இணைத்த பின்னும் அழுத்திப் பாருங்கள். எம்.சி.பி. மிகுதியான மின்னோட்டத்திலிருந்து ஒயரைக் காக்கும். மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி.யே.

சில தங்குமிடங்களில் மூன்று துளைச் சாக்கெட் இருக்கும். பின்னால் எர்த் கம்பி இருக்காது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாக்கெட் சோதனைக் கருவி இதனை விளக்குகளால் காட்டிவிடும். எர்த் இல்லையெனில் அங்கு இணைக்காமல் ஓரிரவு விளக்கின்றி இருப்பதே அறிவுடைமை.

இணைக்கும்போது முதலில் கேபிளை ஊர்தியில் பொருத்தி, பின்னர் சுவரில் செருகுங்கள். கழற்றும்போது முதலில் சுவரில், பின்னர் ஊர்தியில். இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் உயிருள்ள கேபிள் முனையைக் கையில் ஏந்தும் நிலை வாராது. இருபுறமும் பிளக் கொண்ட கேபிளை எவர் செய்து தந்தாலும் ஏற்காதீர்கள். கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுடைய மூன்று கம்பிகளைக் கொண்டதாக இருக்கட்டும். அதனைச் சுருளாகவே வைத்துப் பயன்படுத்தினால் சூடேறி உறை உருகும்; முழுவதும் பிரித்துவிடுங்கள்.

நீர் ஊற்றும் வகைப் பேட்டரி நிறையும் இறுதிக் கட்டத்தில் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றவல்ல வாயு அது. ஆகவே, அப்பேட்டரியைக் காற்றோட்டக் குழாய் வெளியே செல்லும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். படுக்கைக்குக் கீழே திறந்து வைத்தல் கூடாது. பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே தகுந்த ஃபியூஸ் இருப்பதும் இன்றியமையாதது.

செருகியும் நிறையவில்லையா?

சாதாரண மல்ட்டிமீட்டர் ஒன்று போதும். கேபிளைச் செருகுமுன், கருவிகள் அனைத்தையும் அணைத்து, சிறிது நேரம் கழித்துப் பேட்டரியின் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈய-அமில வகையில் ஏறத்தாழ 12.7 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் எனில் முழுமை, 12.2 எனில் பாதி, 11.8 எனில் வறட்சி. செருகிய சில நிமிடங்களில் அழுத்தம் 13 வோல்ட்டைத் தாண்டி ஏறத் தொடங்கினால் சார்ஜர் வேலை செய்கிறது. ஏறாவிடில், பின்வரும் வரிசையில் பாருங்கள்.

1. தங்குமிடத்துச் சாக்கெட்டில் மின்சாரம் உள்ளதா? வேறொரு கருவியைச் செருகிச் சோதியுங்கள்.
2. ஊர்தியின் ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.களும் மேல்நோக்கி உள்ளனவா?
3. சார்ஜருக்கெனத் தனிச் சுவிட்ச் இருந்தால் அது இயக்கத்தில் உள்ளதா?
4. பேட்டரியின் முதன்மைச் சுவிட்ச் அணைந்துள்ளதா? சில ஊர்திகளில் அது அணைந்திருந்தால் சார்ஜர் பேட்டரியை எட்டாது.
5. சார்ஜருக்கும் பேட்டரிக்கும் இடையிலான ஃபியூஸ் உருகியுள்ளதா? முனைகளில் வெண்பொடி படிந்துள்ளதா?

முதல் நான்கும் நாமே செய்யத்தக்கவை. ஐந்தாவதில், கேபிளைக் கழற்றிய பின்னரே கை வைக்க வேண்டும். அதற்கு மேல் 230 வோல்ட் பகுதியைத் திறந்து பார்ப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

ஆவணங்களிலும் கவனம்

ஊர்திக்குள் மின்னமைப்பைப் புதிதாகப் பொருத்துவோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி ஊர்தியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வேனைக் கேரவனாக மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையான அனுமதியைக் கேட்டறியுங்கள். ஊர்தி கடனில் வாங்கப்பட்டதாயின் கடன் அளித்த நிறுவனத்தின் எழுத்து வழி இசைவைப் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்து ஆவணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிவிக்கப்படாத மின்னமைப்பால் தீ நேர்ந்தால் இழப்பீடு பெறுவதில் சிக்கல் எழக்கூடும். சார்ஜர், பேட்டரி ஆகியவற்றின் ரசீதுகளையும் உத்தரவாத அட்டைகளையும் மின்சுற்றின் வரைபடத்தையும் ஒரே உறையில் பாதுகாத்து வைப்பது நன்று.

உங்களுக்கு ஒரு பயிற்சி

ஒரு கேரவனில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி உள்ளது. அதில் 20 விழுக்காடு எஞ்சியுள்ளது. சார்ஜர் 20 ஆம்பியர். இயங்கும் கருவிகள் 4 ஆம்பியர் எடுக்கின்றன. பேட்டரி நிறைய எத்தனை மணி நேரம் ஆகும்?

விடை: பேட்டரிக்குச் செல்வது 16 ஆம்பியர். தேவை 80 ஆம்பியர்-மணி. லித்தியத்தில் இழப்பு மிகச் சிறிது என்பதால், 80-ஐ 16-ஆல் வகுத்துச் சற்றுக் கூட்டினால் போதும்; ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இந்த ஒரு வரிக் கணக்கைப் புறப்படுமுன் உங்கள் ஊர்திக்கும் போட்டுப் பாருங்கள். சார்ஜர் தருவது எவ்வளவு, கருவிகள் எடுப்பது எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு, இணைந்திருக்கும் நேரம் எவ்வளவு என்னும் நான்கு எண்களும் தெரிந்தால், அடுத்த இரவு விசிறி நிற்குமா நிற்காதா என்பதை முன்னதாகவே சொல்லிவிடலாம். வரவும் செலவும் அறிந்து வாழும் குடும்பத்துக்கு இது கடினமான கணக்கன்று.